‘மே’ யாருக்கு, ‘ஷல்’ யாருக்கு?
எல்லைத் தமிழர் அறிந்திருக்க வேண்டிய ஆங்கில இலக்கணம்

கேரளத்தின் தென்கோடித் தாலுகா நெய்யாற்றின்கரை. அதன் தெற்கு முனையில் பாறசாலை. பாறசாலையிலிருந்து இஞ்சிவிளையைக் கடந்தால் களியக்காவிளை, அங்கிருந்து தமிழ்நாடு. கிழக்கே வெள்ளறடை, பனச்சமூடு; மேற்கே காரோடு, பொழியூர், பூவாறு என்று எல்லைக்கோடு தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே வளைந்து வளைந்து செல்கிறது. இந்தப் பக்கத்து மரச்சீனி அந்தப் பக்கத்துச் சந்தைக்குப் போகிறது. அந்தப் பக்கத்துப் பெண் இந்தப் பக்கத்து வீட்டுக்கு மருமகளாக வருகிறாள்.

இவ்வூர்களில் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு மூன்று மொழிகள் தேவைப்படுகின்றன. வீட்டில் தமிழ். வில்லேஜ் ஆபீசிலும் ரேஷன் கடையிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் மலையாளம். சட்டம், விதி, உரிமை என்று பேச்சு வந்துவிட்டால் ஆங்கிலம்.

இந்த மூன்றாவது மொழியில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லையோரத் தமிழர்களின் மொழியுரிமையைத் தாங்கி நிற்பவை பெரிய பெரிய ஆங்கிலச் சொற்கள் அல்ல. ‘மே’, ‘ஷல்’, ‘மஸ்ட்’ என்ற மூன்று சின்னஞ்சிறு துணைவினைகள்தாம். இவற்றுள் எது யார் தலையில் விழுகிறது என்று தெரியாவிட்டால் உரிமை எது, சலுகை எது, வெறும் நல்லெண்ணம் எது என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும்.

கோடு போட்ட நாள்

1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலச் சீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அதன் தமிழ்ப் பகுதிகளையும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை.

தாலுகாவின் வடபகுதியிலுள்ள பாலராமபுரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட சாலியர் குடும்பங்கள் கைத்தறி நெய்து அவ்வூருக்குப் பெயர் வாங்கித் தந்தன. தென்பகுதியில் லண்டன் மிஷனின் பாறசாலை மண்டலத்தில் தமிழில் பாடமும் பிரார்த்தனையும் நடந்தன. ஆகவே இத்தாலுகாவின் தமிழ் நேற்று வந்து குடியேறியதன்று.

கோடு போட்டவர்கள் கோட்டின் இருபுறமும் சிறுபான்மையினர் இருப்பார்கள் என்பதை அறிந்தே இருந்தனர். அதே 1956-இல் செய்யப்பட்ட ஏழாவது திருத்தம் அரசியல் சட்டத்தில் 350-ஏ, 350-பி என்ற இரண்டு பிரிவுகளைச் சேர்த்தது. பின்னர், 1969-இல், கேரள ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. இவை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. எல்லைத் தமிழரின் உரிமையைத் தேட வேண்டிய இடம் இவைதாம்.

பள்ளிக்கூடத்து ஷல்

பழைய பள்ளி இலக்கணத்தில் ‘ஷல்’ என்பது எதிர்காலம் காட்டும் சொல். ‘நான்’, ‘நாம்’ என்ற தன்மை இடத்தில் ஷல். மற்ற இடங்களில் வில். ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தில் படித்த தலைமுறைக்கு இது மனப்பாடம். அதே பாடத்தின் அடுத்த வரியைத்தான் பலர் மறந்துவிட்டார்கள். முன்னிலையிலும் படர்க்கையிலும் ஷல் வந்தால் அது எதிர்காலம் அன்று. கட்டளை, வாக்குறுதி அல்லது எச்சரிக்கை.

சட்டம் எப்போதும் படர்க்கையில்தான் பேசும். ‘அரசு’, ‘அதிகாரி’, ‘விண்ணப்பதாரர்’ என்றுதான் சொல்லும். எனவே சட்டத்தில் வரும் ஷல் பெரும்பாலும் கட்டளை. ‘பதில் தமிழில் வரும்’ என்று அதைப் படித்தால் தவறு. ‘பதில் தமிழில் தரப்படுதல் வேண்டும்’ என்று படிப்பதே சரி. முதலாவது ஜோசியம், இரண்டாவது சட்டம்.

இச்சொற்களின் பிறப்பு சுவையானது. ஷல் என்பதன் பழைய ஆங்கில வடிவத்துக்குக் ‘கடன்பட்டிருக்கிறான்’ என்பதே பொருள். ‘ஆட் டு’ என்பதும் கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்ததே. தமிழிலும் கடன் என்றால் வாங்கிய பணமும் உண்டு, செய்ய வேண்டிய கடமையும் உண்டு. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தே தீரவேண்டும் என்ற எண்ணத்திலிருந்து கடமை என்ற கருத்து இரு மொழிகளிலும் பிறந்திருக்கிறது. மஸ்ட் மட்டும் வேறு வழியில் வந்தது. பழங்காலத்தில் அது அனுமதியைக் குறித்த சொல்லின் இறந்தகால வடிவம். அனுமதியில் தொடங்கிக் கட்டாயத்தில் வந்து முடிந்திருக்கிறது!

மலையாளமும் தமிழும்

கடமையைச் சொல்லுவதில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ‘செய்யணும்’ என்பது தமிழ்ப் பேச்சு. ‘செய்யணம்’ என்பது மலையாளம். இரண்டும் ‘வேண்டும்’ என்பதிலிருந்து வந்தவை. மலையாள ஆபீஸ் கடிதங்களில் ‘ஹாஜராகேண்டதாணு’ என்று வந்தால் அது கட்டாயம். ஆங்கில ஷல்லுக்கு நேர். ‘செய்யாவுந்நதாணு’ என்று வந்தால் அது அனுமதி. ஆங்கில மேக்கு நேர். கடிதத்தின் கடைசி வினையைப் பார்த்தாலே போதும், போயே ஆகவேண்டுமா, விருப்பமிருந்தால் போகலாமா என்பது விளங்கிவிடும்.

ஆனால் ஓரிடத்தில் இந்த உறவு ஆளை ஏமாற்றிவிடும். மலையாளத்தில் ஒருவர் ‘செய்யாம்’ என்றால் ‘நான் செய்து தருகிறேன்’ என்று வாக்குக் கொடுக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண் காதில் அது ‘செய்யலாம்’ என்று விழும். செய்வாரா, செய்யமாட்டாரா என்று அவள் குழம்புவாள்.

இன்னோரிடத்தில் தமிழே ஏமாற்றும். ‘போக வேண்டாம்’ என்றால் என்ன? போகாதே என்று தடுப்பதும் அதுதான். போகவேண்டிய அவசியமில்லை என்று விடுவிப்பதும் அதுதான். மலையாளத்தில் ‘பாடில்ல’ என்பது தடை, ‘போகண்ட’ என்பது பெரும்பாலும் விடுவிப்பு. ஆங்கிலத்தில் இந்த வேற்றுமை மிகக் கறாரானது. ‘மஸ்ட் நாட்’ என்றால் கூடாது. ‘நீட் நாட்’, ‘டு நாட் ஹேவ் டு’ என்றால் தேவையில்லை. தமிழ் மாணவர்கள் ஆங்கிலத்தில் அதிகமாக வழுக்கி விழும் இடம் இதுவே. ‘வேண்டாம்’ என்பதை நினைத்துக்கொண்டு, தேவையில்லை என்று எழுத வேண்டிய இடத்தில் மஸ்ட் நாட் என்று எழுதிவிடுகிறார்கள். ‘நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை’ என்பது ‘நீங்கள் பணம் கட்டக் கூடாது’ என்று ஆகிவிடுகிறது.

‘போயிருக்க வேண்டும்’ என்ற தொடரையும் கவனிக்க வேண்டும். ‘மனு தாலுகா ஆபீசுக்குப் போயிருக்க வேண்டும்’ என்றால் இரண்டு பொருள். இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும் என்ற ஊகம் ஒன்று. போயிருக்க வேண்டியது போகவில்லையே என்ற குறை மற்றொன்று. ஆங்கிலத்தில் ஊகத்துக்கு ‘மஸ்ட் ஹேவ் கான்’. குறைக்கு ‘ஷுட் ஹேவ் கான்’. புகார் எழுதுகிறவர் இவற்றை மாற்றி எழுதினால் புகாரே இல்லாமல் போய்விடும்.

1969 சட்டம் சொன்னது

இனிச் சட்டத்துக்கு வரலாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் மொழிச் சிறுபான்மையினருக்கென ஒரு சிறப்புப் பிரிவு உண்டு. தமிழ், கன்னடச் சிறுபான்மை மக்கள் தலைநகரில் உள்ள மாநில அரசோடும், துறைத் தலைவர்களோடும் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்று அது கூறுகிறது. அச்சிறுபான்மையினர் பெருமளவில் வாழும் பகுதிகளிலும், அரசு அவ்வாறு அறிவித்த பகுதிகளிலும் உள்ள உள்ளூர் அரசு அலுவலகங்களோடும் அப்படியே எழுதலாம். அவர்களுக்கு அனுப்பப்படும் பதில்களும் அவர்களது மொழியிலேயே இருத்தல் வேண்டும்.

ஒரே வாக்கியத்தில் இரண்டு துணைவினைகள். மக்கள் பக்கம் வரும்போது ‘மே’. அலுவலகத்தின் பக்கம் வரும்போது ‘ஷல்’. இந்த வேறுபாட்டில்தான் பிரிவின் உயிர் இருக்கிறது.

‘மே’ என்பதைப் பார்த்து, ‘இது கட்டாயமில்லை, கொடுத்தால் கொடுக்கலாம்’ என்று சிலர் நினைப்பதுண்டு. மே இங்கே மக்களுக்குத் தரப்பட்ட விருப்பம். தமிழிலும் எழுதலாம், மலையாளத்திலும் எழுதலாம், தேர்வு எழுதுகிறவருடையது. அவர் தமிழைத் தேர்ந்துகொண்டுவிட்டால் மறுபக்கத்தில் விருப்பத்துக்கு இடமில்லை. அங்கே நிற்பது ஷல். ஒருவருடைய ‘லாம்’ இன்னொருவருடைய ‘வேண்டும்’ ஆகிவிடுகிறது.

அதே சமயம் இப்பிரிவில் ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளூர் அலுவலகம் என்றால், அது சிறுபான்மையினர் பெருமளவில் வாழும் பகுதியிலோ அறிவிக்கப்பட்ட பகுதியிலோ இருக்க வேண்டும். தலைநகர அலுவலகத்துக்கும் துறைத் தலைவருக்கும் எழுதும்போது இந்த இடக் கணக்கு இல்லை. எனவே எல்லையோரத்து வாசி ஒருவர் தமது வில்லேஜ் எந்த வகையில் வருகிறது என்பதை முதலில் கேட்டறிந்து கொள்ளுதல் நலம்.

அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவோடு இதை ஒப்பிட்டால் 1969 சட்டத்தின் அருமை தெரியும். குறை தீர்க்கக் கோரும் மனுவை, ஒன்றியத்தில் அல்லது மாநிலத்தில் வழங்கும் மொழிகளில் எதிலும் கொடுக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று 350 சொல்கிறது. அங்கும் ஷல் இருக்கிறது. ஆனால் பதில் எந்த மொழியில் வரவேண்டும் என்று அது சொல்லவில்லை. வாங்கிக்கொள்ள வேண்டும் என்றதோடு நின்றுவிட்டது. பதிலுக்கும் ஒரு ஷல் வைத்தது 1969 சட்டம்தான்.

பள்ளிக்கூடத்தில் எந்தச் சொல்?

குழந்தைகளின் படிப்புக்கு வந்தால் சொற்களின் விளையாட்டு இன்னும் நுட்பமாகிறது. 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு தீர்மானம் செய்தது. ஆரம்ப வகுப்புகளில் பாடமொழி தாய்மொழியாக இருந்தே ஆகவேண்டும். பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகளுக்குக் குறையாமலோ, ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளுக்குக் குறையாமலோ அம்மொழி பேசுகிறவர்கள் இருந்தால், ஓர் ஆசிரியரையாவது நியமித்துத் தாய்மொழியில் கற்பிக்க ஏற்பாடு செய்தே ஆகவேண்டும். இங்கே வந்த சொல் மஸ்ட். ஷல்லைவிடச் சத்தம் அதிகமுள்ள சொல்.

ஏழு ஆண்டுகள் கழித்து அரசியல் சட்டத்தில் நுழைந்த 350-ஏ என்ன சொல்கிறது? மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வி நிலையில் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதிகள் செய்து தருவது ஒவ்வொரு மாநிலத்தின், ஒவ்வொரு உள்ளாட்சியின் முயற்சியாக இருத்தல் வேண்டும். ஷல் இருக்கிறது, ஆனால் அந்த ஷல் ‘வசதி செய்தல்’ மேல் விழவில்லை, ‘முயற்சி செய்தல்’ மேல் விழுகிறது. முயன்று பார்ப்பது கடமை என்றுதான் நேர்ப்பொருள்.

அதை அடுத்து ஒரு மே வருகிறது. இவ்வசதிகள் கிடைக்கும்படி செய்வதற்கு அவசியமென்று கருதும் உத்தரவுகளைக் குடியரசுத் தலைவர் எந்த மாநிலத்துக்கும் பிறப்பிக்கலாம் என்பது அது. ஆக, மாநிலத்துக்கு முயற்சிக் கடமை. குடியரசுத் தலைவருக்கு உத்தரவிடும் அதிகாரம்.

எண்ணிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. மிகக் கடுமையான சொல்லான மஸ்ட் ஒரு மாநாட்டுத் தீர்மானத்தில் இருக்கிறது. தீர்மானத்துக்குச் சட்டத்தின் வலு கிடையாது. நாட்டின் தலைமைச் சட்டத்திலோ ஷல்லோடு முயற்சி சேர்ந்து சொல் மெலிந்து நிற்கிறது. சொல்லின் உரத்த குரலை மட்டும் கேட்டால் போதாது. அது எந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலும் இதே கதைதான். பாடமொழி, நடைமுறையில் இயன்ற அளவுக்கு, குழந்தையின் தாய்மொழியாக இருத்தல் வேண்டும் என்கிறது 29-ஆவது பிரிவு. ‘இயன்ற அளவுக்கு’ என்ற வால் ஒட்டியவுடனே ஷல் தளர்ந்துவிடுகிறது. ஆசிரியர் இல்லை, பிள்ளைகள் குறைவு என்று காரணம் சொல்ல வழி பிறந்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்ட பெற்றோர் 40, 10 என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இங்கே இயலும்’ என்று பிள்ளைகளின் எண்ணிக்கையைக் காட்டித்தான் பேச வேண்டும்.

மற்றொரு பக்கத்தில், 2017-இல் கேரளம் இயற்றிய சட்டம் பத்தாம் வகுப்பு வரை பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. எல்லையோரப் பிள்ளைகளுக்கு மலையாளம் வேண்டாத மொழி அன்று. வேலைக்கும் வாழ்வுக்கும் அது தேவை. மலையாளம் படிப்பது கட்டாயம், தமிழ் கற்பிப்பது முயற்சி என்று இரு தட்டுகளிலும் வெவ்வேறு எடை விழுந்துவிடக் கூடாது என்பதே பெற்றோரின் கவலை. அந்தக் கவலையின் இலக்கணப் பெயர்தான் ஷல்லுக்கும் ‘இயன்ற அளவுக்கு ஷல்’லுக்கும் உள்ள வேற்றுமை.

நீதிமன்றத்தின் கண்ணில்

ஷல் என்றாலே கட்டாயம், மே என்றாலே விருப்பம் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. நீதிமன்றங்கள் சொல்லை மட்டும் பார்ப்பதில்லை. சட்டத்தின் நோக்கத்தையும் பார்க்கின்றன.

அரசியல் சட்டத்தின் 320-ஆவது பிரிவு, அரசு ஊழியர்மீதான ஒழுங்கு நடவடிக்கை பற்றிப் பொதுப்பணித் தேர்வாணையத்தைக் கலந்து ஆலோசித்தல் வேண்டும் என்கிறது, சொல் ஷல். 1957-இல் மன்போதன்லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த ஷல் கட்டாயமன்று, கலந்து ஆலோசிக்காததால் மட்டும் உத்தரவு செல்லாமல் போகாது என்று தீர்ப்பளித்தது.

இதற்கு நேர்மாறாக 1963-இல் ஜோகீந்தர் சிங் வழக்கு வந்தது. உத்தரப் பிரதேச விதி ஒன்றில், கெசட்டட் அதிகாரி கேட்டுக்கொண்டால் ஆளுநர் அவரது வழக்கைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம் என்று மே போட்டிருந்தது. அதிகாரிக்கு ஒரு வாய்ப்புத் தருவதே விதியின் நோக்கம். அவர் கேட்டபின் அனுப்பியே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மே அங்கே மஸ்ட் ஆயிற்று.

இங்கிலாந்தில் 1880-லேயே, ஆக்ஸ்போர்டு பிஷப் சம்பந்தப்பட்ட ஜூலியஸ் வழக்கில், ஓர் அதிகாரம் பிறர் நன்மைக்காகக் கொடுக்கப்பட்டிருந்தால் அந்த அதிகாரத்தோடு கடமையும் சேர்ந்திருக்கலாம் என்ற கொள்கை பேசப்பட்டது. ‘உன்னால் முடியும்’ என்பது சில நேரங்களில் ‘நீ செய்தே ஆகவேண்டும்’ என்றாகும் என்பது அதன் சாரம்.

இந்தக் குழப்பத்தை ஒழிக்கவே பல நாடுகள் சட்டத்திலிருந்து ஷல்லை விலக்கத் தொடங்கின. தென்னாப்பிரிக்காவின் 1993 இடைக்கால அரசியல் சட்டம் ஷல்லைப் பயன்படுத்தியது. 1996-இல் வந்த இறுதிச் சட்டம் அந்த இடத்தில் மஸ்ட் போட்டது. அமெரிக்காவின் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளும் 2007-இல் திருத்தி எழுதப்பட்டபோது ஷல் நீங்கியது. இந்தியச் சட்டங்களில் ஷல் இன்றும் அரசாட்சி செய்கிறது. ‘இந்தியா, அதாவது பாரதம், மாநிலங்களின் ஒன்றியமாக இருத்தல் வேண்டும்’ என்ற முதற்பிரிவிலேயே அது இருக்கிறது. அங்கே அது யாருக்கும் இட்ட கட்டளை அன்று, ஓர் அறிவிப்பு. ஷல்லுக்கு இத்தனை முகங்கள்.

தகவல் கேட்கும்போது

அன்றாட வாழ்வில் இவ்வறிவு உதவும் இடம் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம். நிலத்தின் போக்குவரவு ஏன் நடக்கவில்லை, ரேஷன் கார்டு மனு எந்த மேஜையில் கிடக்கிறது என்று கேட்க இச்சட்டமே வழி.

இதன் 6-ஆவது பிரிவில் முதல் ஷல் கேட்கிறவர் தலையிலேயே விழுகிறது. எழுத்து மூலமோ மின்னணு வழியிலோ, ஆங்கிலத்தில், இந்தியில் அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் அவர் கேட்டல் வேண்டும். ஆகவே நெய்யாற்றின்கரையில் தகவல் மனுவை ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ எழுதுவது பத்திரமானது. எழுத முடியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவர அதிகாரி எல்லா நியாயமான உதவியும் செய்தல் வேண்டும். இந்த ஷல் அதிகாரியுடையது.

அடுத்து வருகிறது, மனுதாரர் காரணம் சொல்லும்படி கேட்கப்படுதல் ஆகாது என்ற வாசகம். இங்கேதான் மேலே சொன்ன ‘கூடாது – தேவையில்லை’ வேற்றுமை பயன்படுகிறது. மனுதாரர் காரணம் சொல்லக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. சொல்லத் தேவையில்லை, அதிகாரிதான் கேட்கக் கூடாது. மனுதாரர் பக்கம் நீட் நாட். அதிகாரி பக்கம் மஸ்ட் நாட்.

7-ஆவது பிரிவில், இயன்ற அளவு விரைவாக, எப்படியும் 30 நாட்களுக்குள், தகவலைத் தருதல் அல்லது காரணம் காட்டி மறுத்தல் வேண்டும் என்று இருக்கிறது. ‘இயன்ற அளவு’ என்ற வால் இங்கும் உண்டு. ஆனால் அதன் பின்னால் 30 நாள் என்ற ஆணியும் அடிக்கப்பட்டிருக்கிறது. வால் ஒட்டிய ஷல்லுக்குப் பக்கத்தில் எண் ஒன்று இருந்தால் அந்த ஷல் மறுபடி நிமிர்ந்துவிடும். கல்வி உரிமைச் சட்டத்தின் தாய்மொழி வாசகத்தில் இப்படி ஓர் எண் இல்லை என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

புதிய மசோதாவில் பார்க்க வேண்டியது

2025 அக்டோபரில் கேரளச் சட்டசபை மலையாள மொழி மசோதாவை நிறைவேற்றியது. 1969 சட்டத்தின் இடத்தில் வருவதற்காகக் கொண்டுவரப்பட்ட மசோதா அது. காசர்கோட்டுக் கன்னட மக்களிடமிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. தமிழ், கன்னட மொழியினர் தம் மொழியில் அரசுக்கு எழுதவும் பதில் பெறவும் தனிப்பிரிவு இருக்கிறது என்பது கேரள அரசு தந்த விளக்கம்.

எல்லையோரத் தமிழர்கள் இத்தகைய சட்டம் எதுவானாலும் அதன் விளக்கவுரையைப் படித்து நின்றுவிடக் கூடாது. பிரிவை எடுத்துவைத்து நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். முதலாவது, வினைக்கு எழுவாய் யார் – மக்களா, அலுவலகமா? இரண்டாவது, துணைவினை எது – மேயா, ஷல்லா? மூன்றாவது, அதற்கு வால் உண்டா – இயன்ற அளவுக்கு, முயற்சி, அறிவிக்கப்பட்ட பகுதி என்று ஏதேனும் ஒட்டியிருக்கிறதா? நான்காவது, நாள் கணக்கோ ஆள் கணக்கோ எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா? இந்த நான்குக்கும் விடை கிடைத்துவிட்டால், அந்தப் பிரிவின் எடை கையில் தெரிந்துவிடும். ‘பதில்கள் இருத்தல் வேண்டும்’ என்ற இடத்தில் ‘பதில்கள் இருக்கலாம்’ என்று ஓர் எழுத்து மாறினால்கூட ஐம்பது ஆண்டுக்கு மேலான உரிமை சலுகையாகச் சுருங்கிவிடும்.

மனு எழுதும் முறை

ஆங்கிலத்தில் மனு எழுதுகிறவர்கள் மஸ்ட் என்ற சொல்லை அதிகாரியின் முகத்துக்கு நேரே வீச வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் மஸ்ட் பெரும்பாலும் பேசுகிறவரின் சொந்த அதிகாரத்திலிருந்து வருவது. ஆசிரியர் மாணவனிடமும், வைத்தியர் நோயாளியிடமும் சொல்லும் சொல். ‘ஹேவ் டு’ என்பது வெளியிலிருந்து வரும் கட்டாயம்: தாலுகா ஆபீஸ் நெய்யாற்றின்கரையில் இருப்பதால் அங்கே போக வேண்டியிருக்கிறது என்பது போல. ‘ஷுட்’, ‘ஆட் டு’ இரண்டும் இப்படிச் செய்வது முறை என்ற அளவில் நிற்பவை. மனுவில் கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். இன்ன ஆண்டின் இன்ன சட்டம் ஷல் என்று சொல்கிறது என்று சட்டத்தின் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு, வேண்டுகோளை மரியாதையாக எழுதினால் போதும்.

தமிழில் எழுதும்போது இது இன்னும் எளிது. ‘இம்மனுவைத் தமிழில் அளிக்கிறேன், சட்டப்படி பதிலும் தமிழிலேயே அளிக்கப்பட வேண்டியதாகையால், அவ்வாறே அளிக்குமாறு வேண்டுகிறேன்’ என்ற ஒரு வரியை மனுவின் அடியில் சேர்த்துவிடலாம். கேட்பதற்கும் ‘வேண்டு’, கட்டாயத்துக்கும் ‘வேண்டும்’. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. குடிமகன் வேண்டுகிறார், அலுவலகம் செய்ய வேண்டும். மனுவின் நகல் ஒன்றைத் தேதியோடு முத்திரை போட்டு வாங்கி வைத்துக்கொண்டால், அந்த வேண்டுதல் எந்த நாளில் கடமையாக மாறியது என்பதற்குச் சான்றும் கையில் இருக்கும்.